சூளைக்கு ஒரு காற்று, சக்கரத்துக்கு ஒரு காற்று

சென்னையில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டு நடத்தும் மட்பாண்டப் பயிற்சிக் கூடம் ஒன்றுக்கு மே மாதப் பிற்பகலில் போயிருந்தேன். மூலையில் மின்சூளை ஓடிக்கொண்டிருந்தது. அதன் சின்னத் திரையில் 870 என்று எண் மின்னியது. ஆறு பேர் சக்கரத்தில் உட்கார்ந்து வனைந்துகொண்டிருந்தார்கள். எல்லார் தோளிலும் ஈரத்துண்டு. தலைக்கு மேல் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அப்போதுதான் அறுத்தெடுத்துப் பலகையில் வைத்த கிண்ணங்களைப் பார்த்தேன். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது, அடிப்பாகம் இன்னும் சொதசொதவென்று இருந்தது. விளிம்பு காய்ந்து சுருங்கும்போது அடி சுருங்காமல் நின்றால் மண் என்ன செய்யும்? கோணும், அல்லது விரியும். மறுநாள் அந்தப் பலகையில் பாதிதான் தேறியிருக்கும்.

அந்தக் கூடத்தை நடத்துபவர் அக்கறை இல்லாதவர் அல்ல. விசிறியை நிறுத்தினால் மாணவர்கள் மயங்கி விழுவார்கள், ஓடவிட்டால் கிண்ணம் கெடும். இதுதான் மட்பாண்டக் கூடத்தின் அடிப்படைச் சிக்கல். வனைகிற ஆளுக்குக் காற்று வேண்டும். பச்சைப் பாண்டத்தின் மேல் காற்று நேராகப் படவே கூடாது. நெருப்புக்குத் தனிக் காற்று வேண்டும். அது கக்கும் புகை ஒருவர் மூக்குக்கும் போகக் கூடாது. இத்தனையையும் ஒரே அறைக்குள் அடைத்து ஒரே விசிறியால் சமாளிக்க நினைப்பதால்தான் எல்லாமே கெடுகிறது.

நம் ஊரில் மட்பாண்டம் வனையும் வேளார் வீடுகளில் இந்தச் சிக்கல் எழுந்ததே இல்லை. மானாமதுரையை எடுத்துக்கொள்ளுங்கள். கடத்துக்குப் பேர் பெற்ற ஊர். அதன் மட்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே வனைவதும் தட்டுவதும் கூரையின் நிழலில். காய்வது முதலில் நிழலில், பிறகுதான் வெயிலில். சூளை வெட்டவெளியில். மூன்று வேலைக்கும் மூன்று இடம். கீற்றுக் கொட்டகையின் பக்கங்கள் திறந்தே கிடக்கும். வேண்டிய பக்கத்தில் சாக்கையோ தட்டியையோ தொங்கவிட்டால் பாண்டத்தின் மேல் அடிக்கும் காற்று நின்றுவிடும், ஆளுக்கு வரும் காற்று நிற்காது. இதைத் தனியாக யாரும் வடிவமைக்கவில்லை. தொழிலே இடத்தைப் பிரித்து வைத்தது. நகரத்துக்கு வந்த பிறகு, 600 சதுர அடி வாடகை அறைக்குள் சூளையையும் கொண்டுவந்து வைத்தோம். மின்சூளை புகைக்காது, குளிர்சாதனப் பெட்டி போல ஒரு மூலையில் நிற்கும் என்ற எண்ணம் அதற்குத் துணை நின்றது. அந்த எண்ணம் தவறு.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 10 கிலோவாட் மின்சூளை ஒன்று ஒரு முறை சுட 60 யூனிட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 யூனிட்டும் எங்கே போகிறது? பாண்டத்துக்குள் தங்கிவிடுவதில்லை. மண்ணில் கலந்த நீரை விரட்டவும் மண்ணின் தன்மையை மாற்றவும் ஒரு சிறு பங்கு செலவாகிறது. மற்றதெல்லாம் சுவர் வழியாகவும் மூடி வழியாகவும், சூளை ஆறும்போதும், அறைக்குள்தான் வந்து சேரும். ஒரு டன் குளிர்சாதனக் கருவி அகற்றும் வெப்பம் 3.5 கிலோவாட் அளவு. அதாவது முழு வேகத்தில் எரியும் 10 கிலோவாட் சூளையின் வெப்பம் முழுவதும் வெளியே வந்தால், அதை அகற்ற ஏறத்தாழ 3 டன் ஏ.சி. வேண்டும். உண்மையில் அது ஒரே நேரத்தில் வெளியே வராது. செங்கல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, சுவிட்சை அணைத்த பிறகும் விடிய விடியக் கக்கும். மறுநாள் காலை கூடத்தைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கிறதே அனல், அது நேற்றைய மின்கட்டணம்தான்.

சரி, எக்சாஸ்ட் ஃபேன் போட்டு வெளியேற்றலாமே என்றால், அதற்கும் ஒரு கணக்கு உண்டு. சூளையிலிருந்து அறைக்குள் 3 கிலோவாட் வெப்பம் வந்துகொண்டிருக்கிறது, அறை வெளியைவிட 5 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால், நொடிக்கு 500 லிட்டர், மணிக்கு 1,800 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். 5 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையில் அது மணிக்கு 20 முறை காற்று முழுவதையும் மாற்றுவதற்குச் சமம். சமையலறையில் போடும் சின்ன விசிறி இதற்குக் காணாது. இன்னொன்று: மே மாதத்தில் வெளியே 39 டிகிரி இருந்தால், எவ்வளவு பெரிய விசிறி வைத்தாலும் அறை 39க்குக் கீழே இறங்காது. காற்றோட்டம் வெளியே இருக்கும் வெப்பத்தைத்தான் உள்ளே தரும். அதற்குக் கீழே குளிர்விக்காது. பலரும் மறந்துவிடுவது இதைத்தான். இன்னும் சிலர் ஏர் கூலர் வாங்கி வைக்கிறார்கள். சென்னை, புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் அது ஆளையும் பெரிதாகக் குளிர்விக்காது, பாண்டத்தையும் காயவிடாது. உள்நாட்டு வறண்ட ஊர்களில் அதற்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு.

விசிறியால் ஒன்றும் செய்ய முடியாத வெப்பமும் இருக்கிறது: கதிர் வெப்பம். சூளையின் வாய்ப்பக்கம் நின்றால் கன்னம் எரிகிறதே, அது காற்று கொண்டுவந்த சூடு அல்ல. சூடான பரப்பு நேராக வீசும் கதிர். வெப்பநிலை ஏற ஏற அது நான்காம் அடுக்கில் ஏறும். அதனால் 1,000 டிகிரியில் இருக்கும் சூளையின் திறந்த துளையிலிருந்து வருவதைப் போல இரு மடங்கு கதிர், 1,250 டிகிரியில் அதே துளையிலிருந்து வரும். இதற்கு மருந்து மறைப்புதான். சூளைக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர், அல்லது நடுவில் இடைவெளி விட்ட இரட்டைத் தகரத் தட்டி. நல்ல வேலைக்காரர் எவரும் சூளைக்கு எதிரே சக்கரத்தைப் போடமாட்டார். சுவருக்கும் சூளைக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை அடி இடம் விட வேண்டும் என்று மின்சூளை செய்பவர்கள் சொல்வது தீப்பிடிக்காமல் இருப்பதற்கு; ஆள் உட்கார அந்த இடைவெளி போதாது.

இனி புகை. மின்சூளைக்குப் புகை இல்லை என்பது பாதி உண்மை. மின்சாரம் புகைக்காது, மண் புகைக்கும். தூய வெள்ளைக் களிமண்ணின் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு, மண்ணோடு வேதிக் கட்டாகப் பிணைந்த நீர். 450 முதல் 600 டிகிரிக்குள் அது ஆவியாகி வெளியேறும். அதோடு மண்ணிலுள்ள இலைதழைப் பொருள்கள் எரிந்து கார்பன் மோனாக்சைடாகவும், கந்தகம் கந்தக டை ஆக்சைடாகவும் வெளிவரும். தீக்குச்சி உரசியது போன்ற நெடி மூக்கைக் குத்தினால் அதுதான். கிளேஸ் (பாண்டத்தின் மேல் பூசும் கண்ணாடிப் பூச்சு) படக் கூடாத இடத்தில் பூசும் மெழுகு எரியும் புகை வேறு. மாங்கனீசு போன்ற உலோகங்கள் சேர்ந்த கிளேஸ் என்றால் ஆவியைப் பற்றி இன்னும் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

இதற்கு இரண்டு வகை ஏற்பாடுகள் உண்டு, இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை. சூளைக்கு மேலே குடை போலத் தொங்கும் புகைக்கூண்டு, மேலெழும் சூட்டையும் புகையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். ஆனால் அதற்குப் பெரிய விசிறி வேண்டும், கூண்டு சூளையைவிட அகலமாக இருக்க வேண்டும். இன்னொன்று, சூளையின் அடியில் சிறு துளை போட்டு, மெல்லிய குழாய் வழியே உள்ளிருக்கும் காற்றைக் கொஞ்சமாக உறிஞ்சி வெளியே விடுவது. சூளைக்குள் அழுத்தம் சற்றே குறைவதால் புகை அறைக்குக் கசியாது. சிறிய விசிறியே போதும். ஆனால் இது புகையைத்தான் எடுக்கும், வெப்பத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். அடிக்குழாய் போட்ட பிறகும் அறை வேகிறதே என்று குறைப்படுபவர்கள், புகைக்கு வாங்கிய கருவியிடம் வெப்பத்துக்கு வேலை கேட்கிறார்கள். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டையும் வைக்க வேண்டும்.

எரிவாயுச் சூளை, விறகுச் சூளை என்றால் ஆபத்து பல மடங்கு. கிளேஸின் நிறத்துக்காகக் காற்றைக் குறைத்து எரிக்கும் நேரத்தில் கார்பன் மோனாக்சைடு தாராளமாக உண்டாகும். நிறம் இல்லை, மணம் இல்லை. தலைவலியாகத் தொடங்கி ஆளையே கொன்றுவிடும். இங்கேதான் பலர் பெரிய தவறு செய்கிறார்கள். ஜன்னல்களை மூடிவிட்டு, பெரிய எக்சாஸ்ட் ஃபேனைப் போடுகிறார்கள். விசிறிக்குக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். ஜன்னல் மூடியிருந்தால் அது சூளையின் புகைபோக்கி வழியாகவே கீழே இழுக்கும். வெளியே போக வேண்டிய நச்சுப்புகை அறைக்குள் வரும். காற்று உள்ளே வரும் வழி, வெளியேறும் வழியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்ற விதி இதற்காகத்தான். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் எரிவாயுச் சூளை இருக்கும் இடத்தில் சுவரின் அடிமட்டத்தில் துளை கட்டாயம். கூரையோரத் துளை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டுங்கள். அதன் விலை ஒரு நல்ல கிளேஸ் பொடி மூட்டையின் விலையைத் தாண்டினாலும் வாங்குங்கள்.

எந்தக் கருவியும் வாங்குவதற்கு முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சூளை ஓடும்போது ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள். கதவின் அடி இடுக்கில் பிடித்தால் புகை உள்ளே சாய வேண்டும். மேல் ஜன்னலில் வெளியே சாய வேண்டும். சூளையின் பார்வைத் துளைக்குப் பக்கத்தில் பிடித்தால் புகை துளையை நோக்கி இழுபட வேண்டும். உங்கள் முகத்தை நோக்கித் தள்ளினால் சூளை அறைக்குள் மூச்சு விடுகிறது என்று பொருள். பிறகு காயவைத்திருக்கும் பலகைக்கு மேலே பிடித்துப் பாருங்கள். அங்கே மட்டும் புகை நூல் போல நேராக, ஆடாமல் மேலே போக வேண்டும். கால் மணி நேரத்தில் உங்கள் கட்டடத்தின் காற்று வரைபடம் கையில் வந்துவிடும். நான் பார்த்த கூடங்களில் மேல் ஜன்னலில் புகை உள்ளே திரும்பி வந்ததையும் பார்த்திருக்கிறேன். பக்கத்துக் கட்டடத்தின் சுவர் காற்றைத் திருப்பி அனுப்பியிருந்தது.

வெப்பத்தைவிடவும் புகையைவிடவும் மெதுவாகக் கொல்வது தூசி. இதன் வரலாறு இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பாட்டில் வடிவச் சூளைகள் ஒரு காலத்தில் அங்கே 2,000 வரை நின்றன என்பார்கள். இன்று ஐம்பதுக்கும் குறைவு. பாண்டம் வெள்ளையாக வர சக்கிமுக்கிக் கல்லைச் சுட்டுப் பொடித்துச் சேர்த்தார்கள். உலர்வாகப் பொடித்தவர்கள் நுரையீரல் இறுகிச் செத்தார்கள். தாமஸ் பென்சன் என்பவர் 1726இல் அந்தக் கல்லை நீரில் அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பொடி நீரோடு இருக்கும்வரை காற்றில் ஏறாது என்ற எளிய உண்மைதான் அதன் அடிப்படை. ஆனாலும் தொழிற்சாலையின் மற்ற மூலைகளில் தூசி நிற்கவில்லை. காற்றோட்டம், துப்புரவு, வேலை உடை பற்றிய தனி விதிகள் அங்கே 1950இல் வந்தன. பென்சனுக்கும் அந்த விதிகளுக்கும் நடுவே இரண்டு நூற்றாண்டுகள். 1956இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு நிலக்கரிச் சூளைகள் அணைந்தன. வெளியே புகை போவதைச் சட்டம் கவனிக்கத் தொடங்கிய காலத்தில், உள்ளே மூச்சு விட்டவர்களின் நுரையீரல் பல தலைமுறைகளாக அழிந்திருந்தது.

அந்தத் தூசியில் இருக்கும் படிகச் சிலிக்காவைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, வேலை நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்தது. நம் நாட்டில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு காற்றோட்டத்தையும் வெப்பத்தையும் பற்றிப் பேசியது. அந்தத் தூசியால் நுரையீரல் இறுகும் நோயான சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் பத்துப் பேராவது வேலை செய்யும் இடங்களை நோக்கியது. நாலு பேர் வனையும் கூடத்துக்கு எந்த ஆய்வாளரும் வரமாட்டார். அங்கே காப்பு, நடத்துபவரின் மனசாட்சி ஒன்றே.

தூசி விஷயத்தில் விசிறி எதிரி. காலையில் ஜன்னல் வழியே சாயும் வெயிலில், யாராவது துடைப்பத்தால் பெருக்கும்போது பாருங்கள். பொன்துகள் போல மிதக்கும். அழகாகத்தான் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற அந்தத் துகள் மூக்கிலேயே தங்கிவிடும். நுரையீரலின் அடிவரை போவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். அது மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மின்விசிறி சுற்றினால் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே மட்பாண்டக் கூடத்தில் துடைப்பம் கூடாது. ஈரத்துணியால் துடைப்பதும் தண்ணீர் விட்டுக் கழுவுவதும்தான் முறை. தரையில் ஒரு வடிகால் வைத்துக் கட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. கிளேஸ் பொடி கலக்கும்போது பொடியின் மேல் தண்ணீர் ஊற்றாமல், தண்ணீரில் பொடியை மெதுவாக இறக்க வேண்டும். அந்த நேரம் விசிறியை நிறுத்திவிட்டு, என்95 முகக்கவசத்தோடு, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். பிற்பகல் வெக்கையில் முகக்கவசத்தை யாரும் சரியாகப் போடமாட்டார்கள்.

காயவைக்கும் இடத்துக்குத் தனி மூலை, முடிந்தால் தனிச் சிற்றறை. பிசைந்த களிமண்ணில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ பச்சைப் பாண்டம் காய்ந்தால் 20 லிட்டருக்கு மேல் நீராவி கூடத்தின் காற்றில் கலக்கும். கோடையில் இதைப் பற்றிக் கவலை இல்லை, வேகமாகக் காய்வதுதான் கவலை; ஈரச் சாக்கும் பாலித்தீன் தாளும் போர்த்திக் காக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். ஊர்ச் சூளைகள் நின்று போகும் அந்த மாதங்களில், கோடையில் சாபமாக இருந்த சூளை வெப்பம் வரமாகிவிடும். சூளை அறைக்கும் காயவைக்கும் அறைக்கும் ஒரே சுவர், அந்தச் சுவரில் மூடித் திறக்கும் இரண்டு துளைகள், ஒன்று அடியில், ஒன்று மேலே. மழைக்காலத்தில் திற, கோடையில் மூடு. இவ்வளவு எளிய ஏற்பாட்டை ஏன் எல்லாரும் செய்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. சூளையின் உள்ளே இருக்கும் சூட்டை மட்டும் அவசரப்பட்டு வெளியே இழுக்கக் கூடாது. 573 டிகிரியில் படிகக் கல்லின் அமைப்பு மாறும். அந்தக் கட்டத்தில் குளிர்காற்று பட்டால் நல்ல பாண்டமும் விரிசல் விடும். சூளை தன் போக்கில் ஆற வேண்டும், அதுவரை நாம் அதனிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

கட்டடம் எங்கே, எப்படி என்ற கேள்விக்கு வருவோம். வாஸ்து பார்க்கும் நம் வழக்கில் நெருப்புக்குத் தென்கிழக்கு, அக்கினி மூலை. சென்னை, புதுச்சேரிக் கடற்கரையில் கோடைப் பிற்பகலின் கடற்காற்று பெரும்பாலும் வருவதும் அதே தென்கிழக்கிலிருந்துதான். சூளையைத் தென்கிழக்கில் வைத்தால், நாள் முழுதும் காத்திருந்த அந்தக் குளிர்காற்று, சூளையின் அனலையும் நெடியையும் சுமந்துகொண்டுதான் சக்கரத்துக்கு வரும். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடற்கரையில் சூளைக்கு வடமேற்கே சரி என்பது என் துணிபு. உள்நாட்டில், ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடிக்கும் ஊர்களில், கணக்கு மாறும்.

கூரையைப் பொறுத்தவரை, தகரம் ஒன்றைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் போடுங்கள். வேறு வழி இல்லாமல் தகரம்தான் என்றால் மேலே வெள்ளைப் பூச்சு, கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கீற்றுத் தட்டி. நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ போட்ட உயர்ந்த கூரை, முகட்டில் நீளவாக்கில் ஒரு திறப்பு, அதற்கு மேல் மழைக்கு ஒரு குட்டைக் கூரை: சூடான காற்று தானாகவே ஏறிப் போய்விடும், மின்சாரமே வேண்டாம். கூரையிலிருந்து சுவருக்கு வருவோம். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடம் இந்த வட்டாரத்தில் சவுக்கு விறகில் ஸ்டோன்வேர் சுடும் கலையை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தது. கட்டடக்கலையும் படித்த மீக்கர், பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, உள்ளே செங்கல்லும் பாண்டமும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிச் சுட்டவர். ஆரோவில்லில் உள்ள ‘அக்னி ஜாதா’ அப்படிச் சுட்ட வீடு. சூளைச் சுவர் குடிக்கும் வெப்பம் வீணாகிறதே, அந்தச் சுவரே வீடானால் என்ன என்று கேட்ட முயற்சி அது. பாண்டத்தைவிடச் சுவர்தான் அதிக வெப்பத்தைக் குடிக்கிறது என்பதை இவ்வளவு பெரிய அளவில் காட்டிய வேறு எதையும் நான் அறியேன்.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெளியே வெயிலில் வேலை செய்பவர்கள்தான் உடனே நினைவுக்கு வருவார்கள். சூளைக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே வேலை செய்பவருக்கும் அதே ஆபத்துதான். சித்திரை, வைகாசியில் சூளையை மாலையில் ஏற்றி இரவில் சுடுங்கள்; வகுப்பு நடக்கும் நாளில் சுடாதீர்கள். புதிதாக வந்த உதவியாளரை முதல் வாரமே சூளைப் பக்கம் நிறுத்தாதீர்கள், உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். தண்ணீர்ப் பானையும் உப்புப் போட்ட மோரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மட்பாண்டக் கூடம் தொடங்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சூளைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், இடத்தை முடிவு செய்யும் அன்று, விடியற்காலை ஒரு முறை, உச்சியில் ஒரு முறை, மாலை நாலு மணிக்கு ஒரு முறை அங்கே போய் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். காற்று எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று சுண்ணக்கட்டியால் தரையிலேயே குறித்து வையுங்கள். சூளையை எங்கே வைப்பது என்பதை அந்தக் கோடு சொல்லும். வைக்க இடமே இல்லை என்று சொன்னால், சூளையை வாங்காதீர்கள். பாண்டத்தை வெளியே ஒரு சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டு வாருங்கள்.